அத்தை கையில இருக்க வேலைய எல்லாம் வாங்கிராதீங்க

கேள்வி: அக்கா, எங்களுக்கு சேரன்மகாதேவி பக்கம். எங்க அத்தைக்கு 74 வயசு. ஒரு வருஷமாவே மறதி, சொதிக்கு ரெண்டு தடவ உப்பு போடுதாவ, கேஸ திறந்துட்டு பத்தவைக்க மறந்துருதாவ, சுருக்குப்பையில இருந்த காச நான் எடுத்துட்டேன்னு பக்கத்து வீட்ல போய் சொல்லுதாவ. பயந்துபோய் இப்போ அடுப்படிப் பக்கமே விடுறதில்ல, குளிப்பாட்டுறது, சேலை கட்டிவிடுறது, சோறு ஊட்டுறது எல்லாம் நான்தான். ஆனா இன்னும் மோசமான மாதிரி தெரியுது. வயசானா இப்படித்தானா?
- ஒரு வாசகி

பதில்: அப்படி விட்ராதீங்க தங்கச்சி. சாவிய எங்க வச்சோம்னு தேடுறது வேற, காலமெல்லாம் வச்ச சொதியோட பக்குவமே தப்புறது வேற. முதல்ல பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப்போய் மனநல டாக்டர்ட்டயோ நரம்பு டாக்டர்ட்டயோ காட்டுங்க. வைட்டமின் பி12 குறைஞ்சாலும், தைராய்டு இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும், அதெல்லாம் மருந்துக்கு கேக்கும். மெடிக்கல்ல வாங்கிப்போடுற சளி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாத்தையும் பையில போட்டு கொண்டுபோங்க, அதுல சிலது மறதிய கூட்டும். திடீர்னு ரெண்டே நாள்ல ரொம்ப குழம்பிட்டாங்கன்னா யூரின் இன்ஃபெக்ஷன் மாதிரி எதாவது இருக்கலாம், அன்னைக்கே ஓடணும்.

டிமென்ஷியா, அதாவது மறதி நோய்தான்னு டாக்டர் சொன்னாலும் ஒடஞ்சு போயிராதீங்க. 2023ல வந்த ஒரு ஆய்வுப்படி நம்ம நாட்ல 60 தாண்டினவங்கள்ல 100க்கு 7 பேருக்கு மேல இது இருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேரு.

ஊட்டுறீங்கன்னு வாசிச்சதும்தான் எனக்கு மனசு கேக்கல. இந்த நோய்ல பெரும்பாலும் காசுக்கணக்கு, மாத்திரை, சமையல் இதுதான் முதல்ல தடுமாறும், பிறகு குளியல், உடுத்துறது, கடைசியிலதான் சாப்பாடு. சுருக்குப்பைய எடுத்துட்டு பக்கத்து வீடு வரைக்கும் போய் பேசுறவங்களுக்கு எதுக்கும்மா ஊட்டணும்? செய்யாம விட்ட வேலை கையவிட்டுப் போயிரும், திரும்ப கொண்டுவர்றது ரொம்ப கஷ்டம்.

எந்த இடத்துல தடுமாறுதாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க, அந்த இடத்துல மட்டும் கை குடுங்க. பாவாடை, ஜாக்கெட், சேலைன்னு உடுத்துற வரிசையில கட்டில்ல வைங்க, ஒண்ணு ஒண்ணா எடுத்துக்குடுங்க, "இத போடுங்க அத்தை"ன்னு மட்டும் சொல்லிட்டு பொறுங்க, அவங்க கை தானா போகும். கொசுவம் வரலன்னா அத மட்டும் வச்சு விடுங்க. நேரம் ஆகும்தான், ஆகட்டும். அடுப்படியில சின்ன வெங்காயம் உரிக்கட்டும், முருங்கைக்கீரை ஆயட்டும், நீங்க நிக்கும்போது தாளிக்கக்கூட செய்யட்டும், நீங்க வெளிய வந்தா சிலிண்டர்ல ரெகுலேட்டர மூடிட்டு வாங்க. பாத்ரூம்ல வழுக்காத மிதியடி, பிடிச்சுக்க ஒரு கம்பி, வெந்நிய நீங்களே விளாவி வச்சிருங்க, தண்ணிய அவங்களே மோந்து ஊத்தட்டும்.

காசு விஷயத்துல "நான் எடுக்கல"ன்னு மல்லுக்கு நிக்காதீங்க, அந்தப் பழி நோய் சொல்லுறது. "வாங்க அத்தை, தேடுவோம்"னு கூட தேடுங்க, பையில எப்பவும் கொஞ்சம் சில்லறையும் வீட்டு போன் நம்பர் எழுதின சீட்டும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரங்கட்ட விவரத்த சொல்லி வைங்க.

இவ்வளவு எழுதியிருக்கீங்க, உங்க வீட்டுக்காரர் என்ன செய்யுதாருன்னு ஒரு வரி இல்ல. அவங்க அவரோட அம்மா. சாயங்காலம் நடக்க கூட்டிட்டுப்போறது, ராத்திரி மாத்திரை குடுக்குறது அவர் பொறுப்பா இருக்கட்டும், நீங்களும் மனுஷிதான், தூங்கணும். முதியோருக்கான இலவச உதவி எண் 14567, வழி தெரியலன்னா கூப்பிட்டு கேளுங்க. இந்தப் பக்கத்த அவர்ட்டயும் வாசிக்கக் குடுங்க.