கார்ட்லெஸ் டிரில் வாங்குவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியில் நான்கு சந்தேகங்கள் இருக்கின்றன. வீட்டில் அலமாரி, கதவு வேலைகளுக்கும் கேரேஜில் கார், பைக் வேலைகளுக்கும் 12 வோல்ட் கருவி போதுமா, 18 வோல்ட் வேண்டுமா. பெட்டியில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போட்டிருப்பது 18 வோல்ட்டைவிட வலுவானதா. முதலில் எந்தக் கருவியை வாங்குவது. கையில் இருக்கும் பழைய வயர் டிரில்லை யாருக்காவது கொடுத்துவிடலாமா. என் வீட்டின் மர வேலைகளையும் வண்டி வேலைகளையும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நானே பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

கார்ட்லெஸ் கருவியில் நீங்கள் முதலில் தேர்ந்தெடுப்பது டிரில்லை அல்ல, பேட்டரியை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. சில நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே பேட்டரியைப் பகிர்ந்துகொண்டாலும் அது பொது வழக்கமாகிவிடவில்லை. ஆகவே இன்று ஒரு டிரில்லுடன் இரண்டு பேட்டரிகளும் சார்ஜரும் வாங்கிவிட்டால், நாளை ரம்பமோ கிரைண்டரோ காற்று நிரப்பும் பம்ப்போ வாங்கும்போது அதே வரிசையில், பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் வாங்கத்தான் மனம் போகும். அதுதான் சிக்கனமும் கூட. எனவே அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் உங்களுக்கு என்னென்ன தேவைப்படும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவை அனைத்தும் ஒரே பேட்டரியில் ஓடும்படி எந்த நிறுவனத்திடம் கிடைக்கின்றன என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு டிரில்லைப் பாருங்கள்.

வோல்ட் குழப்பத்தைத் தீர்ப்பது எளிது. பேட்டரியின் உறைக்குள் இருப்பவை சிறு உருளை வடிவ லித்தியம் அயான் செல்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வகை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்களும் முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்பதால், அப்போது அளந்தால் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ‘18’, ‘20 மேக்ஸ்’ ஆகிய இரண்டும் ஒரே பேட்டரிக்கு வைத்த இரு பெயர்களே. அதுபோலவே ‘12 வோல்ட் மேக்ஸ்’ என்பது மூன்று செல்கள், அதாவது 10.8 வோல்ட்.

வோல்ட்டைவிட நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது ஆம்பியர் மணிக் கணக்கு, அதாவது பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு. 18 வோல்ட், 2 ஆம்பியர் மணிப் பேட்டரியில் இருப்பது 36 வாட் மணி ஆற்றல். கிரைண்டரோ வட்ட ரம்பமோ சுமை ஏறிய நிலையில் 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பேட்டரி ஐந்தரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆனால் ஸ்க்ரூ முடுக்கும் வேலையில் கருவி விட்டுவிட்டு, சில நொடிகள்தான் ஓடுகிறது என்பதால் அதே பேட்டரி ஒரு மாலைப்பொழுது முழுவதும் வரும். பெரிய பேட்டரியில் நேரத்தைத் தவிர இன்னொரு நன்மையும் உண்டு. 4 ஆம்பியர் மணிப் பேட்டரியில் பொதுவாகப் பத்து செல்கள், இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கின்றன. மோட்டார் கேட்கும் மின்னோட்டம் இரண்டாகப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு செல்லும் குறைவாகச் சூடாகிறது, மின்னழுத்தமும் குறைவாகவே இறங்குகிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை நீளவாக்கில் அறுத்தபோது சிறிய பேட்டரியுடன் பாதி வழியில் திணறி நின்ற அதே ரம்பம், அதே பிளேடு, பெரிய பேட்டரியை மாட்டியதும் நிற்காமல் அறுத்துச் சென்றதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்காக எல்லாவற்றுக்கும் பெரிய பேட்டரியை மாட்ட வேண்டாம். தலைக்கு மேலே கையைத் தூக்கிச் செய்யும் வேலையில் அந்தக் கூடுதல் எடை பத்தே நிமிடத்தில் தோளில் தெரியும். சிறியது ஒன்று, பெரியது ஒன்று என்பதே என் பரிந்துரை.

இனி உங்கள் முதல் கேள்வி. அலமாரிக் கதவு, திரைச்சீலைக் கம்பி, கட்டில் பூட்டுதல் போன்றவை மட்டும் என்றால் 12 வோல்ட் தாராளமாகப் போதும். இடுக்கான பெட்டிகளுக்குள் நுழைய அது வசதியும் கூட. கேரேஜ் வேலையும் சேர்வதால் உங்களுக்கு 18 வோல்ட்டே பொருத்தம்.

முதல் கருவியாக ஒரு டிரில் டிரைவரை வாங்குங்கள். துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் 13 மில்லிமீட்டர் சக்கும், மெதுவாக ஒன்று வேகமாக ஒன்று என இரண்டு கியர்களும் அதில் இருக்கட்டும். விலை கைக்கு எட்டுமானால் பிரஷ்லெஸ் மோட்டாராகவும் இருக்கட்டும். பிரஷ்லெஸ் மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் கிடையாது. உராய்வு குறைவதால் அதே சார்ஜில் கூடுதல் வேலை நடக்கும். செங்கல் சுவருக்கு, சுழன்றுகொண்டே முன்னோக்கி அடிக்கும் ஹேமர் வசதி உள்ள டிரில் போதுமானது. உறுதியான கான்கிரீட்டில் அடிக்கடி துளையிட வேண்டியிருந்தால், எஸ்டிஎஸ் எனப்படும், அடிப்பகுதியில் பள்ளங்கள் கொண்ட பிட்டை மாட்டும் ரோட்டரி ஹேமர் தனியாகத் தேவைப்படும். சாதாரண ஹேமர் டிரில்லைக் கான்கிரீட்டில் வைத்து அழுத்துவதால் கையும் கருவியும்தான் களைத்துப் போகும்.

டிரில் வாங்கியவர்களில் பலர் சக்குக்குப் பின்னால் எண்கள் பொறித்த வளையத்தைத் தொடுவதே இல்லை. அதுதான் கிளட்ச். எண் சிறியதாக இருந்தால் சிறிய எதிர்ப்பு வந்ததுமே சக் சுழல்வதை நிறுத்திவிடும். ஒரு கீல் பொருத்தும்போது நான் வளையத்தை 4-இல் வைத்து முதல் ஸ்க்ரூவை முடுக்குவேன். தலை பலகையோடு சேர்வதற்கு முன்பே ‘கடகட’ என்று சத்தம் வந்தால் ஒவ்வோர் எண்ணாக உயர்த்துவேன். தலை சமமாக அமர்ந்த அந்த நொடியில் சத்தம் வருகிற எண் கிடைத்துவிட்டால், மீதி ஸ்க்ரூக்கள் அனைத்தும் ஒரே ஆழத்தில் இறங்கும். துகள் பலகையில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் அதில் ஒரு சுற்று அதிகமாகப் போனால் ஸ்க்ரூ பிடித்திருந்த மரை பொடியாகிவிடும், பிறகு எதுவும் பிடிக்காது.

இரண்டாவது கருவி இம்பாக்ட் டிரைவர். உள்ளே ஒரு சுத்தி சுற்றுவாக்கில் அடித்துக்கொண்டே இருப்பதால் நீளமான ஸ்க்ரூக்களை மணிக்கட்டு முறுகாமல் இறக்கிவிடும்; இறுகிப்போன போல்ட்டையும் தளர்த்தும். ஆனால் அதற்குப் பொதுவாகக் கிளட்ச் இல்லை என்பதால் மென்மையான வேலைக்கு அது உதவாது. கார் சக்கர நட்டுகளுக்கு அரை அங்குலச் சதுர முனை கொண்ட இம்பாக்ட் ரெஞ்ச் என்பது மூன்றாவது கருவி. இதை வைத்து நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை டயர்களை மாற்றிவிட்டு, நட்டுகள் அனைத்தையும் ரெஞ்ச்சாலேயே, அது அடித்து நிற்கும்வரை இறுக்கினேன். சில மாதங்களுக்குப் பிறகு இரவு நேரத்தில், நடுவழியில் டயர் பஞ்சரானபோது வண்டியுடன் வந்த ஸ்பேனரில் ஏறி நின்றும் மூன்று நட்டுகள் அசையவில்லை. நான்காவது நட்டின் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைக் கம்பி, முறிந்தே போனது. குடும்பம் வண்டிக்குள் இருந்தது. அன்றிலிருந்து இம்பாக்ட் ரெஞ்ச்சை நட்டுகளைக் கழற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். மாட்டும்போது ஒவ்வொரு நட்டையும் கையால் சில சுற்றுகள் ஏற்றி, குறுக்கு வரிசையில் லேசாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் கையேட்டில் கொடுத்திருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடிக்கிறேன். சாக்கெட்டும் இம்பாக்டுக்கென்றே செய்யப்பட்ட கறுப்பு நிற வகையாக இருக்க வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட்டுகள் அந்த அடியில் வெடித்துச் சிதறக்கூடும்.

கருவிக்குச் செலவழித்துவிட்டு பிட்டில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஸ்க்ரூத் தலை மழுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான பிட்தான். பிலிப்ஸ் தலையும் போசிடிரைவ் தலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் கூடுதலாகத் தெரிந்தால் அது போசிடிரைவ். அதற்குப் பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் நழுவும். பழைய ஜப்பானிய பைக்குகளின் எஞ்சின் மூடிகளில் இருப்பவை ஜேஐஎஸ் எனப்படும் மற்றொரு வகை. பிலிப்ஸ் பிட் அவற்றில் அடிவரை அமராது என்பதால் அந்தத் தலைகள் மிக எளிதில் சிதைகின்றன. அதற்கான பிட் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பில் துளையிடும்போது அவசரப்படுபவர்கள் வேகமான கியரைப் போடுகிறார்கள். அது தலைகீழான வழி. பிட் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும்: சாதாரண எஃகில் 10 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுகள் போதும். சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். சரியான வேகத்தில், சரியான அழுத்தத்தில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் வெளியே வரும். தூளாக உதிர்ந்து புகை வந்தால் பிட்டின் முனை கருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கிரைண்டரைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். டிஸ்கின் மேல் அச்சிடப்பட்ட அதிகபட்சச் சுற்று வேகம் கருவியின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பிசினால் பிணைத்த வெட்டும் டிஸ்குகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. பெரும்பாலும் நடுவிலுள்ள உலோக வளையத்தில் பொறித்திருக்கும். காப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள், கண்ணாடி அணியாமல் தொடங்காதீர்கள். பெட்ரோல் டேங்க் திறந்திருக்கும் இடத்திலோ கார்புரேட்டரைக் கழுவிய இடத்திலோ கிரைண்டரை எடுக்கவே கூடாது. பிரஷ் உள்ள மோட்டார்களும் உள்ளே பொறி கக்குகின்றன என்பதால் டிரில்லுக்கும் இதையே கடைப்பிடியுங்கள். வயர் கருவியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஸ்க் மாற்றும் பழக்கம் நமக்கு உண்டு. கார்ட்லெஸ் கருவியில் பிடுங்க எதுவும் இல்லை, அது எப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. பிட்டோ பிளேடோ டிஸ்கோ மாற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைப்பது கையின் பழக்கமாகவே ஆகிவிட வேண்டும்.

பேட்டரியை முழுதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்றும் சிலர் சொல்வது நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்த முதல் கார்ட்லெஸ் டிரில் அந்த வகைப் பேட்டரியில்தான் ஓடியது. லித்தியம் செல்களுக்கு அது பொருந்தாது. அடிவரை காலி செய்வதே அவற்றுக்குக் கெடுதல். கருவி தளரத் தொடங்கியதும் நிறுத்திச் சார்ஜ் போடுங்கள். கைக்குச் சூடாகத் தெரியும் பேட்டரியை ஆறவிட்டுப் போடுங்கள், உறைநிலைக்குக் கீழான குளிரில் போடவே வேண்டாம். சில மாதங்கள் தொடப் போவதில்லை என்றால் ஏறக்குறைய பாதிச் சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் பெட்டியில் பேட்டரியைப் போடாதீர்கள், முனைகள் இணைந்து ஷார்ட் ஆகிவிடும். உறை வீங்கியிருந்தாலோ கீழே விழுந்து விரிசல் விட்டிருந்தாலோ அதைச் சார்ஜரில் மாட்டாமல், பழைய பேட்டரிகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் பழைய வயர் டிரில்லைக் கொடுத்துவிட வேண்டாம். பெயின்ட்டையோ டைல் ஒட்டும் கலவையையோ கலக்குவதற்கும், துரு நீக்கும் கம்பி பிரஷ்ஷை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதற்கும் அதுவே ஏற்றது. அந்த வேலைகளில் கார்ட்லெஸ் டிரில் இடைவிடாமல் சுமை தாங்க வேண்டியிருப்பதால் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தே சூடேறுகின்றன. சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கும் கேரேஜில், வேலை மேசைக்குப் பக்கத்திலேயே அதற்கு ஓர் ஆணி அடித்து மாட்டி வையுங்கள்.