விரட்டினால் வரும் நினைப்பு

கேள்வி: மீட்டிங்கில் உளறிக்கொட்டியதை நினைக்கவே கூடாது என்று படுத்தால், இரவு முழுக்க அதே நினைப்பு. எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்: அட, இல்லை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் மாணவர்களிடம், 5 நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார்கள். மணி அடிக்கடி ஒலித்தது! வந்துவிட்டதா என்று மனம் எட்டிப் பார்ப்பதே அந்த நினைப்பைக் கூட்டி வந்துவிடுகிறது.

நானும் ஒருமுறை மேடையில் ஒருவர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு மூன்று வாரம் புரண்டு புரண்டு படுத்தேன். (அவருக்கு அது ஞாபகமே இல்லையாம்.) அப்புறம் விரட்டுவதை விட்டேன். மாலையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, வெட்கத்தை ஒன்றுவிடாமல் தாளில் எழுதினேன். நான்காம் நாள் எழுத விஷயமில்லை. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள்.