கரகரத்த குரலும் டோரேமானும்

கேள்வி: எனக்கு வயது 21. சிறு வயதிலிருந்தே என் குரல் கரகரப்பாகத்தான் இருக்கும். போனில் பேசினால் "தம்பி" என்றே அழைக்கிறார்கள். டப்பிங் துறைக்குப் போக ஆசை. டோரேமானுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்த நடிகைக்கும் இப்படிப்பட்ட குரல்தான் என்று படித்தேன். அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல முடியுமா? என் குரலே எனக்கு வாய்ப்பு வாங்கித் தருமா? - ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் படித்தது நொபுயோ ஓயாமாவைப் பற்றி. இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: குரல் மட்டும் வாய்ப்பு வாங்கித் தராது, அவருக்கும் தரவில்லை.

1933-இல் டோக்கியோவில் பிறந்த ஓயாமா, பள்ளியில் வாய் திறந்தாலே உடன் படித்தவர்கள் சிரித்ததால் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பலவீனமானதை ஒளித்து வைத்தால் அது இன்னும் பலவீனப்படும், ஆகவே அந்தக் குரலை அதிகம் பயன்படுத்து என்று தாயார் சொன்னதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மகளும் பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் சேர்ந்தார். எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். எனக்கோ அதற்குப் பிந்தைய ஆண்டுகளே முக்கியமாகப் படுகின்றன. ஹையூசா நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியில் நடிப்புப் பயின்று, 1956-இல் தொலைக்காட்சி நடிகையாக அறிமுகமாகி, மறு ஆண்டு டப்பிங்கிலும் நுழைந்து, பிறகு கார்ட்டூன்களில் சிறுவர்களுக்கும் விலங்குகளுக்கும் குரல் கொடுத்துவந்தவரிடம், 1979 ஏப்ரலில் டிவி அசாஹியின் டோரேமான் தொடர் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 45.

அங்கும் அவர் வெறும் குரலை இரவல் கொடுக்கவில்லை. எதிர்காலத்திலிருந்து ஒரு சிறுவனைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட பூனை ரோபோ முரட்டுச் சொற்களைப் பேசாது என்று அவரே யோசித்து முடிவு செய்து, வசனத்தில் இருந்த கரடுமுரடான சொற்களை மாற்றிப் பேசினார். பணிவாக வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் அந்தப் பூனையின் இயல்பு அவருடைய நடிப்பிலிருந்து வந்தது. 1973-இல் வேறொரு தொலைக்காட்சி ஒளிபரப்பிய முதல் டோரேமான் தொடரில் தொடக்கத்தில் ஓர் ஆண் நடிகர்தான் குரல் கொடுத்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இன்ன குரல்தான் பொருந்தும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

2001-இல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகும் தொடர்ந்தவர், 2005-இல் முக்கியக் கலைஞர்கள் ஐவரும் ஒன்றாக விலகியபோது வசாபி மிசுதாவிடம் பாத்திரத்தை ஒப்படைத்தார். 2010-இல் டாங்கன்ரொன்பா என்ற வீடியோ விளையாட்டில், மாணவர்களை ஒருவரையொருவர் கொல்லத் தூண்டும் மொனோகுமா என்ற கரடிக்குக் குரல் கொடுத்தார். குழந்தைகளின் செல்லக்குரல் என்று பெயரெடுத்தவர் துணிந்து ஏற்ற அந்த வேடத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் மறதி நோய் கண்டறியப்பட்டது. 2015-இல் கணவரும் நடிகருமான கெய்சுகே சகாவா அதை வெளியில் சொன்னார். கணவர் 2017-இல் மறைந்தார். ஓயாமா 2024 செப்டம்பர் 29 அன்று, 90 வயதில் காலமானார்.

இனி உங்கள் விஷயம். கரகரப்பு பிறவியிலிருந்தே இருந்தாலும், தொழிலாக மணிக்கணக்கில் பேசத் தொடங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். குரல் நாண்களில் முடிச்சு இருந்தால் பயிற்சியே அதை மோசமாக்கும். அடுத்து, டப்பிங் வகுப்பைத் தேடுவதற்கு முன்பு ஒரு நாடகக் குழுவில் சேருங்கள். "தம்பி" என்று அழைக்கிறார்களே என்று வருந்தவும் வேண்டாம். சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்களைப் பேசவைப்பது இங்கும் வழக்கம்தான். சென்னையில் சினிமாவுக்கும் சீரியலுக்கும் பேச டப்பிங் கலைஞர்கள் சங்கத்தின் உறுப்பினர் அட்டை கேட்பார்கள். அதற்கான கட்டணத்தையும் விதிமுறைகளையும் இடைத்தரகர் எவரிடமும் கேட்காமல், சங்க அலுவலகத்திலேயே நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.