சுளகு இறங்கிய மடி

அன்புள்ள ஐயா,

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் நன்றாக வாசிப்பான், பள்ளியில் பாராட்டும் வாங்கியிருக்கிறான். ஆனால் வீட்டில் தானாக ஒரு புத்தகத்தை எடுத்துப் படிப்பதில்லை. இந்த ஆண்டு புத்தகக் காட்சியில் நாற்பது புத்தகம் வாங்கினேன். அவற்றில் ஒரே ஒரு யானைக் கதையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து "நீ வாசிம்மா" என்கிறான். தினமும் அதே யானை. அவனுக்கு அது மனப்பாடம். "உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இப்படியே வாசித்துக் காட்டினால் சோம்பேறியாகிவிடுவான் என்கிறார் என் மாமியார். அதனால் ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். தானாகப் படித்தால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் தருகிறேன். படித்த கதையின் சுருக்கத்தையும் நீதியையும் ஒரு நோட்டில் எழுதவைக்கிறேன். நான்கு நாளோடு நின்றுவிட்டது. இப்போது அவனுக்குக் கைபேசிதான் கதி. அவன் வயதுக்கு ஏற்ற நல்ல புத்தகங்களின் பட்டியல் தரமுடியுமா? மொழிபெயர்ப்புகளைக் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

பட்டியல் தரப்போவதில்லை. வீட்டில் நாற்பது புத்தகம் இருக்கிறது, அது போதும். மொழிபெயர்ப்பைத் தாராளமாகக் கொடுங்கள். மாஸ்கோவில் அச்சாகிக் கப்பலேறி வந்த ருஷ்யக் கதைகளைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே தமிழில் இருக்கிறது, அதனால் யார் தமிழும் கெட்டுப்போகவில்லை. கைபேசியைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. அதை விட்டுவிடுகிறேன்.

"நீ வாசிம்மா" என்ற இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சில வாரங்களாகவே எனக்கு அம்மாவின் நினைப்பாக இருக்கிறது.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். விடிந்ததிலிருந்து அம்மாவின் மடியில் சுளகு இருக்கும், முறத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதில் வெட்டிய இலை, தூள், நூல்கண்டு. எனக்கு அந்த மடி கிடைப்பது இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். சுளகை இறக்கி ஒரு துணியால் மூடிவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அம்புலிமாமா ஒன்றை விரிப்பாள். அட்டை கிழிந்திருக்கும், சிலதில் கடைசிப் பக்கமே இருக்காது.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வரிக்கு அடியில் விரலை வைத்துச் சொல் சொல்லாக நின்று வாசிப்பாள். சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் கையில் வாளோடும் தோளில் பிணத்தோடும் நடந்துகொண்டிருப்பான். அவன் காலடிக்கு அம்மாவின் விரல் வந்துசேர வெகுநேரம் ஆகும். அந்த விரலில் புகையிலை வாடை அடிக்கும். அறுபது வயது தாண்டியும், நல்ல கதை ஒன்றில் ஆழ்ந்துபோகும்போது அந்த வாடை எங்கிருந்தோ எனக்கு வருகிறது.

அவள் மெதுவாக வாசித்ததால்தான் நான் வாசிக்கக் கற்றேன். விரல் ஒரு சொல்லில் திணறி நிற்கும்போது என் கண் அடுத்த சொல்லுக்குப் போய்விடும். 1968-இல், நானும் உங்கள் மகனைப்போல மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் அவசரத்தில் விரல் வருமுன்பே சொல்லைச் சொல்லிவிட்டேன். "ஏல, நீயே படிச்சிருதியே!" என்று அம்மாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னாள். கருப்பட்டித் துண்டு ஒன்றை என் வாயில் போட்டாள்.

மறுநாள் இரவு சுளகு இறங்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் நூறு பீடி சுற்றலாம். மகனுக்குத்தான் படிக்க வந்துவிட்டதே.

அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்த நூறு பீடியில்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை வந்தது. ஆனால் அப்புறம் பல நாள் நான் செய்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. வாசிக்கத் தெரியாததுபோல நடித்தேன். தெரிந்த சொல்லைக் காட்டி "இது என்னதும்மா" என்று கேட்பேன். "எழுத்துக் கூட்டுல, வரும்" என்பாள், நிமிராமல். வந்தது. எல்லாக் கதையும் வந்தது. நான் மட்டும் விளக்கடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த முகம் எனக்குத் தெரியும். அவனுக்கு யானைக் கதை வேண்டும், உங்கள் குரலில் வேண்டும், உங்கள் தோளில் சாய்ந்துகொண்டு வேண்டும். இதில் எதைச் சோம்பேறித்தனம் என்கிறீர்கள்?

சரி, பாசம் ஒருபுறம் இருக்கட்டும். மொழியின் கணக்கையும் பார்ப்போம். நாம் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறொரு தமிழ். "யானை வந்துருச்சு" என்று பேசும் குழந்தை "யானை வந்துவிட்டது" என்று படிக்கவேண்டும். எல்லா மொழியிலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் தூரம் உண்டு, தமிழில் அது மிக அதிகம். எழுத்துக் கூட்டத் தெரிந்ததாலேயே ஒரு குழந்தை அந்தத் தூரத்தைத் தாண்டிவிடாது. ழகரமா ளகரமா, றகரமா ரகரமா என்று கண் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து நகரும்போது கதை கைவிட்டுப் போகிறது. அதே வயதில் காது எங்கேயோ முன்னால் போயிருக்கும். அவனால் வாசிக்க முடியாத கதையைக்கூட அவனால் கேட்டு அனுபவிக்க முடியும். அம்புலிமாமாவில் வேதாளக் கதை தொடங்கும்போது விக்கிரமாதித்தன் 'சற்றும் மனம் தளராத'வனாக வருவான். எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசியதில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்கு அந்நியமாகவே இல்லை, ஏனென்றால் அது அம்மா வாயிலிருந்து வந்தது. ஏட்டுத் தமிழ் முதலில் காது வழியாக, பிரியமான ஒருவரின் குரலில் வீட்டுக்குள் வரவேண்டும். இதைத்தான் முப்பது வருடமாகப் போகிற பள்ளிகளிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையாட்டிவிட்டு, "எட்டு வயதுக்கு மேலுமா?" என்று கேட்கிறார்கள். எட்டு வயதுக்கு மேலும்தான். பத்து, பன்னிரண்டு வயதிலும்தான், பிள்ளையே போதும் என்று சொல்லும்வரை.

அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக அவ்வளவு பாட்டு எழுதினாரே, அவற்றை வாய்விடாமல் கண்ணால் மட்டும் படித்துப் பாருங்கள். பாட்டு எழுந்து நடக்காது. வாய்க்கும் காதுக்கும் என்றே கட்டியவை அவை.

பெரியவர்களுக்கும் இப்படித்தான். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைச் செய்தித்தாளும் நாவலும் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவருக்கு அன்றைக்குச் சேரவேண்டிய பீடியை மற்றவர்கள் பங்குபோட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். 1969-இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். உனக்குத்தான் தெரியுமே, நீயே படி என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் திண்ணையில் அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் அம்மாவும் கதை கேட்டிருப்பாள்.

உங்களுக்கு என்ன கட்டாயம்? அந்த நேரத்தில் சுற்றவேண்டிய நூறு பீடி உங்கள் மடியில் இல்லையே. கையில் இருப்பதை, கேட்டு வாங்கிக்கொள்ளப் பிள்ளை வந்து நிற்கும்போது, நிறுத்தியிருக்கிறீர்கள். இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டு ரூபாயை இன்றோடு விடுங்கள். கூலி கொடுத்தால் அது வேலைதான் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். நோட்டை எடுத்துப் பரண்மேல் போடுங்கள். கதை முடிந்த கையோடு கேள்வி கேட்பது வேதாளத்தின் வேலை, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டுவதும் அதன் வேலை. தாய் ஏன் அதைச் செய்யவேண்டும்? யானைக் கதைக்கு என்ன நீதி? யானை வந்தது, நன்றாக இருந்தது. எட்டு வயதுக்கு வேறென்ன வேண்டும்?

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவருக்கும் கதை பிடிக்கும்.

மனப்பாடமாகத் தெரிந்த கதையை ஏன் திரும்பக் கேட்கிறான் என்று குழம்பியிருக்கிறீர்கள். இன்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அதே யானைப் புத்தகத்தை எடுங்கள். நடுவில் எங்காவது வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். விடமாட்டான். எந்த வரியில் உங்களைப் பிடித்து நிறுத்தினான் என்று எனக்கு எழுதுங்கள்.