'நானுக்கு வேணும்' என்கிறாள் மகள்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. இரண்டு வயதிலேயே 'எனக்கு வேணும்', 'நின்னேன்' என்று சரியாகச் சொன்னவள், இப்போது 'நானுக்கு வேணும்', 'நிக்கினேன்' என்கிறாள். மாமனார் ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்துகிறார், அவள் அழுகிறாள். பேச்சு பின்னுக்குப் போகிறதா?

பதில்: இல்லவே இல்லை, முன்னுக்குத்தான் போகிறாள். வீட்டில் யாராவது 'நானுக்கு' என்று சொல்லி அவள் கேட்டிருப்பாளா? மாட்டாள். அப்படியென்றால் அது அவளே உருவாக்கியது. இரண்டு வயதில் 'எனக்கு' என்பதைக் காதில் விழுந்தபடியே முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அண்ணனுக்கு, அவனுக்கு, மானுக்கு, மீனுக்கு என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வரும் 'உக்கு'வைத் தனியாகக் கழற்றிவிட்டாள். கழற்றினால் மாட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? மான், மானுக்கு, நான், நானுக்கு. கணக்கு சரிதான், மொழிதான் அந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. தூங்குறேன், தூங்கினேன் என்றால் நிக்கிறேன், நிக்கினேன்.

1958-இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். பறவை மாதிரி ஒரு உருவத்தை வரைந்து, 'இது ஒரு வக்' என்று குழந்தைகளிடம் காட்டினார். அப்புறம் அதே மாதிரி இரண்டைக் காட்டி, 'இப்போது இரண்டு...' என்று நிறுத்த, பெரும்பாலான குழந்தைகள் 'வக்ஸ்' என்று முடித்தார்கள். உலகத்தில் இல்லாத சொல்லுக்கு யாரும் பன்மை சொல்லிக் கொடுத்திருக்க முடியாதே! ஆனால் அதே குழந்தைகள், 'ஸ்' ஒலியில் முடியும் புதுச் சொற்களுக்குப் பன்மை சொல்லத் தடுமாறினார்கள். விதி மொத்தமாக ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அதனால் உங்கள் மகள் ஒரே நாளில் 'எனக்கு', 'நானுக்கு' இரண்டையும் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். எனக்கு, உனக்கு எல்லாம் தினமும் காதில் விழுகிற சொற்கள், தானாகவே சரியாகிவிடும்.

மாமனாரைத்தான் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும். பேசும்போது குழந்தையின் கவனம் எல்லாம் பொம்மை கிடைக்குமா என்பதில் இருக்கிறது, விகுதியில் இல்லை. அவள் 'நானுக்கு வேணும்' என்றால் 'உனக்கு வேணுமா? எனக்கும் வேணும், வா எடுக்கலாம்' என்று பேச்சோடு பேச்சாகச் சரியான வடிவத்தைக் காதில் போட்டுவிட்டு மேலே போய்விடுங்கள். 'எங்கே, திருப்பிச் சொல்லு' என்பதெல்லாம் வேண்டாம், அழுகிற குழந்தை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே பேசிய சொற்களையே விட்டுவிட்டாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டாலோ, இந்த வயதிலும் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, காலம் கடத்தாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அந்த ரகம் இல்லை.

மாமனாருக்கு நம்பிக்கை வராவிட்டால் ஒரு விளையாட்டு வைத்துப் பாருங்கள். ஒரு அட்டைப்பெட்டிக்கு 'பிடம்' என்று பேர் வைத்து, அதற்குள் பொம்மையைப் போட்டுவிட்டு, பொம்மை எங்கே என்று அவளிடம் கேளுங்கள். 'பிடம்ல' என்றால் விகுதியைப் பிடித்துவிட்டாள், 'பிடத்துல' என்றால் மரம், மரத்துல என்கிற அடுத்த விதியும் வந்துவிட்டது. இரண்டில் எது வந்தாலும் திருத்த வேண்டாம் என்று தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.