சட்டம் கேளுங்கள்: ஹால் எரிந்துவிட்டது, முன்பணம் என்ன ஆகும்?

கேள்வி: மகளின் அரங்கேற்றத்துக்காக லண்டனில் ஒரு ஹாலைப் பேசி, 1,500 பவுண்ட் முன்பணம் கட்டினேன். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஹால் தீப்பிடித்து எரிந்துபோனது. “எங்கள் தவறு இல்லை, முன்பணம் திரும்பாது” என்கிறார் உரிமையாளர். சமையல் கான்ட்ராக்டையும் ரத்து செய்யலாமா?
— வாசகி, லண்டன்

பதில்: அவர் மேல் தவறே இல்லை என்றாலும், அதை மட்டும் சொல்லி உங்கள் பணத்தை வைத்துக்கொள்ள முடியாதும்மா. ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். தெற்கு லண்டனில் சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கை நான்கு நாள் கச்சேரிக்கு, நாளுக்கு 100 பவுண்ட் என்று பேசியிருந்தார்கள். முதல் கச்சேரிக்கு முன்பே அரங்கு எரிந்தது. அரங்கே இல்லாதபோது இரு தரப்புக்கும் கடமை இல்லை என்று 1863-ல் தீர்ப்பானது. வக்கீல்கள் இதை ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்போம்.

ஆனால் கட்டிய பணம்? அதில் பழைய சட்டம் கொடுமையாக இருந்தது. 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் நோயில் விழுந்து முடிசூட்டு ஊர்வலம் நின்றுபோனது. அதைப் பார்க்க அறை எடுத்திருந்த ஒருவர், கட்டிய 100 பவுண்டையும் இழந்து, முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டிய பாக்கி 41 பவுண்ட் 15 ஷில்லிங்கையும் கொடுக்க வேண்டியதாயிற்று. எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறாத தீர்ப்பு. 1942-ல் பிரபுக்கள் சபை (அன்றைய உச்ச நீதிமன்றம்) வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒதுக்கியது; 1943-ல் தனிச் சட்டமே வந்தது. இப்போது முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் நிகழ்ச்சிக்காக உரிமையாளர் உண்மையிலேயே செலவு செய்திருந்தால், நியாயமானதை மட்டும் கழித்துக்கொள்ள கோர்ட் விடலாம்.

ஒப்பந்தத்தில் ‘முன்பணம் திரும்பாது’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் பயப்பட வேண்டாம். நுகர்வோரிடம் நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்கிறது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். தீ எப்படிப் பிடித்தது என்பதையும் விசாரியுங்கள். அவருடைய அலட்சியம் என்று தெரிந்தால் இது ஃப்ரஸ்ட்ரேஷனே அல்ல, ஒப்பந்த மீறல், நஷ்டஈடும் கேட்கலாம்.

சமையல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 78 வீடுகளை 8 மாதத்தில் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு கம்பெனிக்கு, ஆள் பற்றாக்குறையால் 22 மாதம் ஆனது. செலவு கூடியதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது என்று 1956-ல் பிரபுக்கள் சபை கையை விரித்துவிட்டது. வேறு ஹாலில் பந்தி போட முடியுமென்றால் அந்த கான்ட்ராக்ட் உயிரோடுதான் இருக்கிறது. நீங்களாக ரத்து செய்தால் மீறியவர் நீங்களே ஆவீர்கள். இடம் மாற்றித் தரச் சொல்லிப் பேசுங்கள்.

ஹால்காரரிடம் செலவுக் கணக்கை ரசீதோடு எழுத்தில் கேளுங்கள், 14 நாள் கெடு வையுங்கள். அசையவில்லையென்றால் சிறு வழக்கு மன்றம் இருக்கிறது. 10,000 பவுண்ட் வரை அங்கே போகலாம், வக்கீல் கட்டாயமில்லை.