டீஹைட்ரேட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்

பழம், காய்களை வீட்டிலேயே டீஹைட்ரேட்டரில், அதாவது சூடான காற்றை ஊதி உலர்த்தும் மெஷினில், உலர்த்திச் சேமிப்பது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: வட்டத் தட்டுகளை அடுக்கும் டீஹைட்ரேட்டர் ஒன்று, பெட்டி போல முன்பக்கம் கதவு வைத்தது ஒன்று. பெட்டிக்கு விலை மூன்று மடங்கு. இரண்டும் சூடான காற்றைத்தானே ஊதுகின்றன? எதற்கு அவ்வளவு விலை?

பதில்: ஊதுவது ஒரே காற்றுதான், அது போகும் வழிதான் வேறு. வட்டத் தட்டு மெஷின்களில் பெரும்பாலும் ஹீட்டரும் ஃபேனும் அடியில் இருக்கும். காற்று கீழ்த்தட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறிப் போகும். கீழ்த்தட்டு சருகாகிவிட்ட நேரத்தில் மேல்தட்டு இன்னும் ஈரமாகவே இருக்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்ற வேண்டும். தக்காளிச் சாறு சொட்டினால் நேரே ஹீட்டர்மேல்தான் விழும். மேல்தட்டில் ஆப்பிளும் கீழ்த்தட்டில் வெங்காயமும் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி வகையில் ஃபேன் பின்சுவரில் இருக்கும். எல்லாத் தட்டுகளின் மேலும் காற்று குறுக்கே ஓடும். தட்டை மாற்றும் வேலை பெரும்பாலும் இல்லை. தடிமனான பொருள் என்றால் இடையில் ஒரு தட்டை உருவிவிட்டு வைக்கலாம். பரப்பிலும் லாபம் உண்டு. 30 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டில் நடுவே 8 செ.மீ. ஓட்டை போனால் மிச்சம் சுமார் 660 சதுர செ.மீ.தான். 30 செ.மீ. சதுரத் தட்டு 900 கொடுக்கும். "எட்டுத் தட்டு, பத்துத் தட்டு" என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு தட்டின் பரப்பைத் தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது இது எதுவுமில்லை, சூட்டை நாம் வைத்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைத்தான். வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டும் உள்ள மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பழங்களுக்கு 57 டிகிரி செல்சியஸ், காய்களுக்கு 52, கீரை, மூலிகை இலைகளுக்கு 35 வாக்கில் வைக்க முடிய வேண்டும். சூடு கூடினால் சீக்கிரம் காயும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. முதல் தடவை தக்காளித் துண்டுகளை 70 டிகிரியில் வைத்துவிட்டு, நாலு மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டு பாட்டிலில் போட்டேன். எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் துண்டுகளுக்கு நடுவே வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. மேல்தோல் சட்டென்று இறுகி மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி கிடையாது. கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் சத்தம். எட்டு, பத்து மணி நேரம் ஓடுகிற ஃபேன். கடையில் ஓடவிட்டுக் கேளுங்கள். நேரம் முடிந்ததும் தானாக அணைக்கும் டைமர் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் குடி முழுகிப் போகாது.

கேள்வி: வீட்டில் கேக் சுடும் அவன் (oven) இருக்கிறது, ஏர் ஃப்ரையரும் இருக்கிறது. தனியாக டீஹைட்ரேட்டர் தேவையா?

பதில்: எப்போதாவது ஒரு தட்டு ஆப்பிள் உலர்த்துகிறவர் என்றால் தேவையில்லை. உங்கள் அவன் எவ்வளவு குறைந்த சூட்டில் நிற்கும் என்று மட்டும் பாருங்கள். 60 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்க முடியவில்லை என்றால் பழம் உலராது, வேகும். ஃபேன் இல்லாத அவன் என்றால் ஈரம் வெளியே போகக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். மெஷினில் ஆகும் நேரத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு ஆகும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சூடான அவனின் கதவைத் திறந்துபோட்டு அரை நாள் காவல் இருப்பது நடக்கிற காரியமா?

ஏர் ஃப்ரையரில் உலர்த்தும் பட்டன் இருந்தால் வேலை நடக்கும். ஆனால் 20 செ.மீ. கூடையில் ஒரே அடுக்காகப் பரப்பினால் ஒன்றிரண்டு ஆப்பிள்தான் பிடிக்கும். மைக்ரோவேவ் இலைகளுக்கு மட்டும் சரி, பழங்களை அது வேகவைத்துவிடும்.

வெயிலில் காயவைக்கலாமே என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பழத்துக்குச் சரிதான். ஆனால் குறைந்தது 30 டிகிரி வெயிலும், 60 சதவீதத்துக்குக் கீழே காற்றின் ஈரப்பதமும், தொடர்ந்து சில நாள் இப்படியே இருக்க வேண்டும். காய்களில் சர்க்கரையும் புளிப்பும் குறைவு என்பதால் வெயிலில் காய்வதற்குள் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். வெயிலில் காய்ந்ததைப் பாட்டிலில் போடும் முன் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்து எடுத்தால் பூச்சி முட்டைகள் செத்துவிடும்.

கேள்வி: கரண்ட் செலவைச் சேர்த்தால் கடையில் வாங்குவதைவிட மிச்சமாகுமா?

பதில்: கணக்குப் போடலாம். 1 கிலோ தக்காளியில் ஏறக்குறைய 945 கிராம் தண்ணீர். சுண்டிய பிறகு கைக்கு வருவது 60 கிராம் சொச்சம். ஆப்பிள் பரவாயில்லை, தோலும் நடுப்பகுதியும் நீக்கிய 1 கிலோவுக்கு 190 கிராம் வரை நிற்கும். 500 வாட் மெஷின் 8 மணி நேரம் விடாமல் ஓடினால் 4 யூனிட். தெர்மோஸ்டாட் நடுநடுவே ஹீட்டரை நிறுத்துவதால் நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் குறையும்.

1 கிலோ தக்காளிக்கு நீங்கள் கொடுத்த விலையோடு 4 யூனிட் கரண்டையும் கூட்டுங்கள். அது கடையில் 60 கிராம் உலர்ந்த தக்காளியின் விலையைவிடக் குறைவா? முழு விலைக்கு வாங்கிய தக்காளி என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தோட்டத்தில் மிஞ்சியதோ, சீசனில் கொட்டிக் கிடக்கும்போது வாங்கியதோ, இரண்டு நாளில் அழுகிவிடும் என்ற நிலையில் இருப்பதோ என்றால் நிச்சயம் மிச்சம்தான். பாதித் தட்டு காலியாக ஓடும்போது கரண்ட் பாதியாகிவிடாது என்பதையும் மறக்காதீர்கள். தட்டுகள் நிறையும் அளவுக்குப் பொருள் சேர்ந்த பிறகு போடுங்கள், ஆனால் துண்டுமேல் துண்டு ஏறக்கூடாது.

கேள்வி: புது மெஷினில் ஆப்பிள் போட்டு, சொன்ன நேரத்துக்கு ஓடவிட்டு, பாட்டிலில் அடைத்தேன். ஒரு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. மெஷின் கோளாறா? வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: மெஷினைக் குற்றம் சொல்லும் முன் ஒரு கேள்வி: முடிந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கையேட்டில் உள்ள நேரம் உத்தேசம்தான். ஒரு துண்டு 3 மி.மீ., இன்னொன்று 6 மி.மீ. என்று நறுக்கியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் காயாது. நாலைந்து துண்டுகளை எடுத்து ஆறவிடுங்கள், சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். ஆறியதும் குறுக்கே வெட்டி, வெட்டிய இடத்தை விரலால் பிதுக்குங்கள். ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் திரும்பத் தட்டுக்குப் போக வேண்டும். பழம் தோல் போல வளைய வேண்டும், ஒட்டக்கூடாது. காய் என்றால் உடைய வேண்டும்.

பழத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஆறிய துண்டுகளைக் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்கும் குறைவாக, தளர்வாகப் போட்டு மூடி, ஒரு வாரம் பத்து நாள் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். அதிகம் காய்ந்த துண்டு, குறைவாகக் காய்ந்த துண்டிலிருந்து ஈரத்தை வாங்கிச் சமமாக்கிக்கொள்ளும். இந்த நாட்களில் பாட்டிலின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி மெஷினில் போடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் அந்தப் பாட்டில் மொத்தமும் குப்பைக்குத்தான், பொறுக்கியெடுத்து மிச்சத்தைத் தின்னும் சிக்கனம் வேண்டாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கெட்டது என்றால் மெஷினைச் சோதிக்கலாம். காலி மெஷினின் நடுத்தட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, 57 டிகிரிக்குத் திருப்பி, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இதையே செய்யுங்கள். ஹீட்டர் அணைந்து எரிவதால் இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கத்தான் செய்யும். பத்து டிகிரி வித்தியாசம் நிலையாக நின்றால் அது கோளாறு. குமிழில் உள்ள எண்ணும் தெர்மாமீட்டரும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, வாங்கிய ரசீதோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். "சரியாகக் காயவில்லை" என்று போனில் சொன்னால் உங்கள்மேலேயே பழி திரும்பும்.

கேள்வி: பையில் உள்ள காற்றை இழுத்துவிட்டு ஒட்டும் வேக்குவம் சீலரும் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்களும் சேர்த்து ஒரு செட்டாகத் தருகிறார்கள். 25 வருடம் கெடாது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இறுக்க மூடும் கண்ணாடிப் பாட்டில் போதும். ஆக்சிஜன் உறிஞ்சி என்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது பொட்டலத்துக்குள் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் வேலை அதற்கில்லை, அது சிலிக்கா ஜெல்லின் வேலை. சரியாகக் காயாத பண்டத்தை ஆக்சிஜன் இல்லாமல் அடைத்தால், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நச்சை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் கிருமிக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உடையும் அளவுக்குக் காய்ந்த காய்களுக்குத்தான் ஆக்சிஜன் உறிஞ்சி பொருந்தும், மெத்தென்ற பழத்துக்கு இல்லை.

25 வருடம் என்பது பொதுவாக ஃப்ரீஸ் ட்ரையர் என்ற வேறு இயந்திரத்துக்குச் சொல்லும் கணக்கு. அது உறையவைத்து, வேக்குவத்தில் ஈரத்தை எடுப்பது, விலையும் எங்கோ போய்விடும். சாதாரண டீஹைட்ரேட்டரில் உலர்த்திய பழம் 15 டிகிரி வாக்கில், இருட்டில் இருந்தால் ஒரு வருடம், 27 டிகிரியில் ஆறு மாதம். காய்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி.

கேள்வி: நறுக்கி அப்படியே போட்டால் போதாதா? கொதிநீரில் போட்டு எடுக்கச் சொல்கிறார்களே?

பதில்: கேரட், பீன்ஸ் போன்றவற்றுக்கு மூன்று நிமிடம் தேவை. இல்லையென்றால் உள்ளே உள்ள நொதிகள் உலர்ந்த பிறகும் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, காளான், தக்காளி நேரே போகலாம். ஆப்பிள் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரே போதும். சல்ஃபைட் தூள் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: கூடுதல் தட்டு விலை அதிகமாக இருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் கம்பி வலை வாங்கி நானே வெட்டிப் போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: துத்தநாகம் பூசிய வலை என்றால் கூடாது. பழத்தின் புளிப்பு அந்தப் பூச்சைக் கரைத்துப் பண்டத்தில் சேர்த்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, அல்லது உணவுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பிளாஸ்டிக் வலை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஓரத்தில் கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்தால் மடித்துவிடுங்கள்.